சபையில் குழந்தைகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதில் ஒரு மகள், மூன்று வயதில் ஒரு மகன். இரண்டு மாதத்தில் உங்கள் தம்பிக்குத் திருமணம். போன முறை ஒரு குடும்ப விழாவில் மகள் மேடையில் ஏறி ஓடி, பேசிக்கொண்டிருந்தவரின் மைக்கைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மகன் யார் கூப்பிட்டாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான், கடைசியில் தரையில் புரண்டு அழுதான். "பிள்ளை வளர்த்திருக்கிற லட்சணத்தைப் பார்" என்று ஒருவர் காதுபடவே சொல்லிவிட்டார். இந்த முறை அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது, நாலு அடி போட்டால்தான் சரிவருமா, ஃபோனைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடலாமா, பேசாமல் சின்னவனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளோடு வகுப்பறையில் 22 ஆண்டுகள் இருந்தவள் நான். ஒவ்வொரு ஆண்டும் விழா மேடையில் நாற்பது குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டு மாதம் தாராளமாகப் போதும். ஆனால் விழா நாளில் செய்வதற்கு அதிகம் இல்லை. பெரும்பகுதி வேலை அதற்கு முந்தைய வாரங்களில், உங்கள் வீட்டுக் கூடத்தில், சாப்பிட உட்காரும் இடத்தில் நடக்க வேண்டும்.

முதலில், அந்த வயதில் எது முடியும், எது முடியாது என்பதைப் பார்ப்போம். ஆசையை அடக்குவது, காத்திருப்பது, செய்துகொண்டிருப்பதைச் சட்டென்று நிறுத்துவது எல்லாம் மூளையின் முன்பகுதி செய்கிற வேலை. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். மூன்று வயதில் அது இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது. சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா சின்னக் குழந்தைகளின் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, விளக்கு எரிந்தால் அழுத்து, அழுத்தாதே என்று மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார். ரொம்பச் சின்னக் குழந்தைகள் "அழுத்தாதே" என்று கேட்டதும் அழுத்தினார்கள். சொல்லில் இருந்த "அழுத்து" கையை எட்டியது, "ஆதே" எட்டவில்லை. வேண்டுமென்றே செய்தது அல்ல அது.

உங்கள் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். "ஓடாதே" என்றால் இன்னும் வேகமாக ஓடுவான். "என் விரலைப் பிடித்துக்கொண்டு நட" என்றால் நடப்பான். "கத்தாதே" என்பதை விட "என் காதில் ரகசியமாகச் சொல்" என்பது வேலை செய்யும். "சும்மா இரு" என்பது குழந்தைக்குப் புரியாத கட்டளை, ஏனென்றால் சும்மா இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்லும் பழக்கம் வீட்டில் வந்துவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும். பெரியவர்களுக்கு இது வாயில் படிய இரண்டு வாரம் பிடிக்கும். அதனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

அடுத்தது உடம்பு. உங்கள் மகள் மேடையில் ஏறியபோது மணி எத்தனை? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரவு ஒன்பதைத் தாண்டியிருக்கிறது, அன்று மதியம் அவள் தூங்கவும் இல்லை. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்த பெரியவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தைகள் பல நேரம் நேர்மாறாக, முறுக்கிவிட்ட பொம்மை மாதிரி ஓடுவார்கள். அதைப் பார்த்து "எவ்வளவு தெம்பு பாருங்கள்" என்போம், உண்மையில் அது களைப்பு. கூட்டம், வெளிச்சம், சத்தம், உறுத்துகிற புதுத் துணி, நேரம் தவறிய சாப்பாடு எல்லாம் இதோடு சேர்ந்துகொண்டால் அந்தக் குழந்தை புரண்டு அழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"இனிப்பு தின்றதால்தான் இப்படி ஆடுகிறாள்" என்று உங்கள் மாமியார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர்மேல் தப்பில்லை, உலகம் முழுக்க இதை நம்புகிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை சர்க்கரை சாப்பிட்டது என்பதைப் பார்ப்பவர்களுக்குச் சொல்லாமல் நடத்திய பல ஆய்வுகளை 1995-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, சர்க்கரையால் குழந்தையின் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஒரு சோதனை இன்னும் சுவையானது. தாய்மார்களில் பாதிப் பேரிடம் "உங்கள் பையனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். அந்தத் தாய்மார்களுக்குத் தங்கள் பையன் அதிகமாக ஆடுவதாகத் தோன்றியது. அவனை விடாமல் ஒட்டிக்கொண்டு நின்று குறையும் சொன்னார்கள். குழந்தை அடங்காது என்று எதிர்பார்த்துக்கொண்டு போனால் நம் முகமும் குரலும் மாறிவிடும், குழந்தை அதற்குத்தான் பதில் கொடுக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். "போன தடவை மாதிரி மானத்தை வாங்கிடாதே" என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள்.

ஆகவே திருமண நாளில் மகனின் பகல் தூக்கத்தைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். சடங்கு எந்த நேரத்தில் என்று தெரிந்துகொண்டு அதற்கு அரை மணி முன்பாக இருவருக்கும் வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். விருந்தில் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று பசியோடு உட்கார வைக்காதீர்கள். விழாத் துணியை வீட்டில் இரண்டு முறையாவது போட்டு விளையாட விடுங்கள். கழுத்தில் குத்துகிற துணியோடு எந்தக் குழந்தையாலும் ஒழுங்காக உட்கார முடியாது.

உங்கள் சின்னவனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஒளிந்துகொள்வது மரியாதைக் குறைவு இல்லை. நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956-இல் தொடங்கி ஒரு குழுக் குழந்தைகளைப் பிறந்த சில மாதங்களிலிருந்து வளரும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 15 சதவீதக் குழந்தைகள் புதிய இடத்தையும் புதிய முகத்தையும் பார்த்ததும் பின்வாங்கி, மெதுவாகப் பழகிய பிறகு சேர்ந்துகொள்பவர்களாக இருந்தார்கள். அது பிறவிச் சுபாவம், வளர்ப்பின் குறை அல்ல. அப்படிப்பட்ட குழந்தையை முன்னால் இழுத்துவிட்டு, "அத்தைக்கு முத்தம் கொடு, கொடுத்தால்தான் விடுவேன்" என்றால் அது இன்னும் சுருண்டுகொள்ளும். சுற்றி இருப்பவர்கள் "ஊமையா, வாயில் என்ன கொழுக்கட்டையா" என்று கேட்கும்போது உங்களுக்கும் சங்கடமாக இருக்கும், தெரிகிறது. அந்த இடத்தில் நீங்கள் குழந்தையின் பக்கம் நின்று, "அவனுக்குப் பழகக் கொஞ்சம் நேரம் ஆகும், அப்புறம் அவனே வருவான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். "இவன் ஒரு பயந்தாங்கொள்ளி" என்று மட்டும் அவன் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிடாதீர்கள். குழந்தை தன்னைப் பற்றிக் கேட்டதை நம்பிவிடும்.

அதற்காக வரவேற்கவே வேண்டாம் என்று விட்டுவிடச் சொல்லவில்லை. வந்தவரை மதிக்க வேண்டும் என்பது விதி. எப்படி மதிப்பது என்பதை அவன் தேர்ந்தெடுக்கட்டும். கையசைக்கலாம், பார்த்துச் சிரிக்கலாம், கை கொடுக்கலாம். மூன்றையும் வீட்டில் பொம்மைகளோடு விளையாடிப் பாருங்கள். யாரையும் கட்டிப்பிடிக்கவோ முத்தம் கொடுக்கவோ வற்புறுத்த வேண்டாம், அது சொந்தத் தாத்தாவாகவே இருந்தாலும் சரி. தன் உடம்பு தன்னுடையது என்ற எண்ணம் குழந்தைக்கு இருப்பது அதன் பாதுகாப்புக்கும் நல்லது. இன்னொன்று, கூட்டம் சேர்வதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய்விடுங்கள். காலியான கூடத்தில் அவன் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, எது கழிப்பறை, எங்கே உட்காரப்போகிறோம், எந்தக் கதவு வழியாக வெளியே போகலாம் என்று காட்டுங்கள். மெதுவாகப் பழகுகிற குழந்தைக்கு, தான் முதலில் வந்த இடத்துக்கு மற்றவர்கள் வருவது ஒன்று, ஏற்கெனவே நிரம்பிய கூட்டத்துக்குள் தான் நுழைவது வேறொன்று.

இனி வீட்டுப் பயிற்சி. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

காத்திருக்கத் தெரிவதுதான் சபையில் குழந்தைக்கு வேண்டிய முதல் திறமை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960-களின் இறுதியில் தொடங்கிய மிட்டாய்ச் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போதே ஒன்று எடுத்துக்கொள்ளலாம், காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிவிட்டு சோதனை நடத்துபவர் வெளியே போய்விடுவார். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். 2018-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியளவுதான் இருந்தது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் இன்னும் தேய்ந்துபோனது. அதனால் மிட்டாயைத் தின்றுவிட்ட குழந்தையை நினைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. என் கவனம் போவது வேறு விஷயத்துக்கு. காத்திருக்க முடிந்த குழந்தைகள் பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டாயைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், விரல்களோடு விளையாடினார்கள். காத்திருப்பது என்பது மனத்தை வேறு பக்கம் திருப்புகிற ஒரு கைவேலை. அதைச் சொல்லிக் கொடுக்க முடியும்.

அதை விட முக்கியமான ஒரு சோதனை அமெரிக்காவின் ராச்செஸ்டரில் நடந்து 2013-இல் வெளியானது. மூன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகள். மிட்டாய்க்கு முன்பு ஒரு சின்ன வேலை செய்தார்கள். "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருகிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம், "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்று வெறுங்கையோடு வந்தார். அப்புறம் மிட்டாயை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம்.

இதைப் படித்த நாளில் என் வகுப்பில் எத்தனை முறை "இதோ, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அரை மணி ஆக்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். வீடுகளில் இது இன்னும் அதிகம். "அழாமல் இரு, இதோ கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டு இன்னும் மூன்று பேரிடம் நின்று பேசுவோம். "ஊசி போட மாட்டாங்க" என்று சொல்லிக் கூட்டிப் போவோம். நம் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று தெரிந்துகொண்ட குழந்தை எதை நம்பிக் காத்திருக்கும்? அதனால் இந்த இரண்டு மாதமும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் செய்யுங்கள், செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். நிமிடக் கணக்கு குழந்தைக்குப் புரியாது. "இந்தத் துணியை மடித்து முடித்ததும் வருகிறேன்" என்று கண்ணால் பார்க்கிற எல்லையைச் சொல்லி, மடித்து முடித்ததும் நிஜமாகவே எழுந்து போங்கள். விழாவில் "இந்தப் பாட்டு முடிந்ததும் வெளியே போகலாம்" என்று நீங்கள் சொல்லும்போது அந்தச் சொல் அப்போது செல்லும்.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடுவதற்கும் ஒரு வழி இருக்கிறது. என் வகுப்பில் பல ஆண்டுகள் இதைச் செய்தோம். குழந்தைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கத்தாமல் என் கையின் மேல் தன் கையை வைக்க வேண்டும். நான் உடனே என் மற்றக் கையை அதன் மேல் வைப்பேன். "நீ வந்தது தெரியும்" என்று அர்த்தம். பேசுகிற வாக்கியம் முடிந்ததும் திரும்பிக் கேட்பேன். ஆரம்பத்தில் ஐந்து நொடிக்குள் திரும்பிவிட வேண்டும். பழகப் பழக அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீட்டலாம். கை வைத்த பிறகும் கண்டுகொள்ளாமல் இருந்தால் மறுபடி கத்தல்தான், அதில் குழந்தையின் தவறு ஒன்றுமில்லை.

சாப்பாட்டு நேரம்தான் தினமும் கிடைக்கிற ஒத்திகை. ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள், ஃபோனும் தொலைக்காட்சியும் இல்லாமல். மூன்று வயதுக்குப் பத்து நிமிடம், ஐந்து வயதுக்கு இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். அதன்பிறகு "நான் எழுந்துக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு எழட்டும். கேட்டால் விடுங்கள். கேட்டும் விடவில்லையென்றால் அடுத்த முறை கேட்காமலே ஓடுவார்கள்.

இப்போது நான் மிகவும் நம்புகிற ஒன்றுக்கு வருகிறேன். குழந்தைக்கு விழாவில் இருக்கையை விட ஒரு வேலை முக்கியம். 1948-இல் சோவியத் ஒன்றியத்தில் மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் சின்னக் குழந்தைகளை அசையாமல் நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம்கூட நிற்க முடியவில்லை. அதே குழந்தைகளிடம் "நீ காவல்காரன், இந்த இடத்தைக் காக்கிறாய்" என்று விளையாட்டாகச் சொன்னதும் முன்பைவிட வெகுநேரம் நின்றார்கள். அண்மையில், 2017-இல் வெளியான ஓர் ஆய்விலும் நாலு வயது, ஆறு வயதுக் குழந்தைகள் 180 பேருக்குச் சலிப்பூட்டுகிற ஒரு வேலையைக் கொடுத்தார்கள். பேட்மேன் மாதிரி ஒரு பாத்திரமாகத் தங்களை நினைத்துக்கொண்டவர்கள்தான் அதிக நேரம் விடாமல் செய்தார்கள். தானாக இருக்கும்போது முடியாதது, வேறொருவராக ஆகும்போது குழந்தைக்கு முடிகிறது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆண்டு விழா ஒத்திகையில் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவர்களைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான். கண்டித்தோம், தனியாக உட்கார வைத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் திரைச்சீலைக் கயிற்றுக்கு அருகில் நிற்கிற பெரியவருக்கு அவனை உதவியாளன் ஆக்கினேன். யாரும் கயிற்றைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லோரும் மேடைக்கு வந்ததும் தலையசைத்துச் சொல்ல வேண்டும். விழா முடியும் வரை அந்த இடத்தை விட்டு அவன் நகரவில்லை. அவனிடம் அடக்கம் இல்லாமல் இல்லை. அதுவரை நாங்கள் அவனுக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகளுக்கும் அப்படி ஒன்று கண்டுபிடியுங்கள். உண்மையான வேலையாக இருக்க வேண்டும், பேருக்குச் செய்வதாக இருந்தால் ஐந்து வயதுக்குத் தெரிந்துவிடும். வருகிற வயதானவர்களுக்கு நாற்காலி காட்டலாம். தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருந்து கேட்கும்போது கொடுக்கலாம். உங்கள் தம்பியையே அவளிடம் பேசச் சொல்லுங்கள்: "என் கல்யாணத்தில் நீ எனக்கு இந்த உதவியைச் செய்ய வேண்டும்." மேடையில் ஏறி ஓடியவளுக்கு மேடைமேல் ஆசை இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஏதாவது ஒரு தருணத்தில் அவள் முறையாக மேடைக்கு வந்து ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு இறங்குகிற மாதிரி ஏற்பாடு செய்ய முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் கல்யாண விளையாட்டு விளையாடுங்கள். பொம்மைகளை நாற்காலிகளில் வைத்து, ஒருவர் மணமகன், ஒருவர் விருந்தினர், ஒருவர் கேமராக்காரர். யாரோ ஒரு பொம்மை கத்தட்டும், "இப்போது என்ன செய்வது" என்று மகளையே கேளுங்கள். அவள் சொல்கிற யோசனைகள் பெரும்பாலும் நீங்கள் சொல்ல நினைத்தவையாகவே இருக்கும், அவள் வாயால் வரும்போது அதற்கு எடை அதிகம். அதோடு அன்று என்னவெல்லாம் நடக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள், சலிப்பான பகுதியையும் மறைக்காமல்: "நடுவில் ரொம்ப நேரம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். அப்போது நாம் படம் வரையலாம்." ஒன்றோ இரண்டோ ஒப்பந்தம் போதும். பத்து விதி சொன்னால் ஒன்றும் நினைவில் நிற்காது.

நாமும் அந்தச் சபையில் இருக்கிறோம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் செய்த பொம்மைச் சோதனை இதில் எல்லோருக்கும் தெரிந்தது. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே வார்த்தைகளைச் சொல்லி அதே மாதிரி அடித்தார்கள். சடங்கு நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டோ ஃபோனைப் பார்த்துக்கொண்டோ இருந்தால், பேசாதே என்று குழந்தையிடம் சொல்வதில் பயனில்லை.

ஃபோனைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டிலிருந்து நாலு வயதுக்கு ஒரு நாளில் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைவாக இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுப் பரிந்துரை. விழாவுக்காக நான் சொல்வது இது: பயணத்திலோ விருந்து முடிந்து பெரியவர்களுக்காகக் காத்திருக்கும்போதோ கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. சடங்கின்போது கொடுக்காதீர்கள். அமைதியாக இருப்பான்தான், ஆனால் அவன் அந்த விழாவில் இல்லை. வாங்கும்போது வருகிற அழுகை, கொடுக்காமல் இருந்திருந்தால் வந்திருக்கும் அழுகையை விடப் பெரிதாக இருக்கும். ஒரு பையில் தாள், மெழுகு வண்ணக் குச்சி, சத்தம் வராத ஒரு சின்னப் பொம்மை, மாற்றுத் துணி, தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒவ்வொன்றாக வெளியே வரட்டும்.

"ஒழுங்கா இருந்தா பொம்மை வாங்கித் தரேன்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1973-இல் வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளுக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அவர்கள் தாங்களாக வரைவதில் காட்டிய ஆர்வம், பரிசு எதிர்பார்க்காத குழந்தைகளைப் போல் பாதியாகக் குறைந்திருந்தது. அதிலும் அழுகை ஆரம்பித்த பிறகு நீட்டுகிற பரிசு மோசமானது. அழுதால் கிடைக்கும் என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். நன்றாகச் செய்ததைக் கண்டதும் காதில் சொல்லுங்கள், எதைச் செய்தாள் என்று குறிப்பிட்டு: "பாட்டி பேசி முடிக்கும் வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, பார்த்தேன்." "நல்ல பிள்ளை" என்ற பொதுவான பாராட்டை விட அது நிற்கும்.

அடி வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, அடிப்பதும் அவமானப்படுத்துவதும் நீண்ட நாள் பயனைத் தருவதில்லை, குழந்தையிடம் முரட்டுத்தனத்தை வளர்க்கிறது என்று தெளிவாகச் சொல்கிறது. சுவீடன் 1979-லேயே பெற்றோர் அடிப்பதையும் சட்டப்படி தடை செய்துவிட்டது. அடிக்கு அடுத்த படியாகச் சபையில் நடப்பது, நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டுவது. அது பெரும்பாலும் குழந்தைக்காகச் சொல்வதாக இருக்காது, "நான் கண்டிக்கிற அம்மாதான்" என்று சுற்றியிருப்பவர்களுக்குக் காட்டுவதாக இருக்கும். அந்த நேரத்தில் உங்களுக்கு எவ்வளவு கூசும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நாலு பேரும் நாளைக்கு மறந்துவிடுவார்கள், உங்கள் மகள் மறக்க மாட்டாள். அடிக்காமல் இருப்பது என்றால் கண்டிப்பே இல்லாமல் இருப்பது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களிலிருந்து பெற்றோரைக் கவனித்து எழுதியதில், அன்பும் உறுதியும் ஒன்றாக உள்ள வளர்ப்பில்தான் குழந்தைகள் தன்னடக்கத்தோடு இருந்தார்கள். வெறும் அதிகாரத்திலும் இல்லை, கேட்டதெல்லாம் கொடுத்த செல்லத்திலும் இல்லை.

ஆக, அழுகை வந்தேவிட்டால் என்ன செய்வது? வருவதற்கு முன்னால் அடையாளம் தெரியும். கண்ணைக் கசக்குவது, காலை ஆட்டுவது, எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்பது, குரல் உயர்வது. அப்போதே எழுந்துவிடுங்கள். ஓரமான இருக்கையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வெளியேறலாம். குழந்தையை எடுத்துக்கொண்டு போவது யார் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மணமகனின் அக்கா, மேடையில் உங்களைத் தேடுவார்கள். அப்பாவோ சித்தியோ அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். வெளியே போனதும் அறிவுரை வேண்டாம், பொங்கி அழுகிற குழந்தைக்குக் காது வேலை செய்யாது. தூக்கிக்கொள்ளுங்கள், முதுகைத் தடவுங்கள், "ரொம்பச் சத்தமா இருக்கு, இல்ல?" என்று அதன் மனத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். மூச்சு சீரானதும் தண்ணீர் கொடுத்து, "உள்ளே போகலாமா, இன்னும் கொஞ்சம் இருக்கலாமா" என்று கேளுங்கள். வெளியே போவது தண்டனையாகவும் ஆகக்கூடாது, விளையாட்டு மைதானமாகவும் ஆகக்கூடாது.

மகள் யாரையாவது இடித்துத் தள்ளிவிட்டால் கழுத்தைப் பிடித்து "சாரி சொல்லு" என்று வைக்க வேண்டாம். நீங்கள் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவள் பார்க்கட்டும். அப்புறம் அவளால் செய்யக்கூடியதை, விழுந்ததை எடுத்துக் கொடுப்பதைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருமணத்துக்குத் தயார் செய்பவர்கள் துக்க வீட்டுக்குத் தயார் செய்வதில்லை. குழந்தையைக் கூட்டிப் போவதாக இருந்தால் போவதற்கு முன் உண்மையைச் சொல்லுங்கள். "தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள், சின்னக் குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொண்டு தூங்கப் பயப்படும். "இறந்துவிட்டார், அவர் உடம்பு இனி அசையாது, பெரியவர்கள் அழுவார்கள், நீயும் அழலாம், உன்னால் வந்தது எதுவும் இல்லை" என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னால் போதும். அங்கே குழந்தை திடீரென்று சிரித்தாலோ விளையாடப் போனாலோ அது அவமரியாதை இல்லை. அந்த வயதில் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும்.

சின்னவனை விட்டுவிட்டுப் போகலாமா என்பதற்கு என் பதில்: கூட்டிப் போங்கள், ஆனால் முழு நாளுக்கு வேண்டாம். மாமாவின் திருமணத்தில் அவன் இருக்க வேண்டியவன், கூட்டத்தில் இருக்கப் பழகுவதும் கூட்டத்தில் இருந்தால்தான் நடக்கும். சடங்கு நேரத்துக்கும் ஒரு குடும்பப் படத்துக்கும் அவன் இருக்கட்டும். படத்தை முதலிலேயே, அவன் தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். பகல் தூக்க நேரத்துக்கு அவனை அறைக்கோ வீட்டுக்கோ கூட்டிச் செல்ல அவனுக்கு நன்றாகப் பழகிய ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். மாலை வரவேற்புக்கு அவன் வராவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மகளுக்கும் எட்டரை மணியோடு போதும், அவள் கெஞ்சினாலும் சரி.

அன்றிரவு படுக்கும்போது நடந்ததைப் பற்றி அவளோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். தாத்தாவுக்குக் கண்ணாடி கொடுத்தது, பிடித்தது, பிடிக்காதது எல்லாம் அவளே சொல்லட்டும். ஏதாவது தவறு நடந்திருந்தால் அதை அன்றைக்கு எடுக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பொம்மை நாற்காலிகளைப் போட்டு விளையாடும்போது அந்தக் கட்டத்தை மறுபடி நடித்துப் பாருங்கள்.